அம்மம்மாவின் அலுமாரித் திறப்பு

அம்மா போன பிறகு அலுமாரித் திறப்பை, அதாவது சாவியை, காணவில்லை. சாமித்தட்டு, அரிசிப்பானை, தலையணை உறை, பழைய பிஸ்கட் ரின் என்று ஓரிடம் விடாமல் தேடினோம். சேலைத் தலைப்பில் முடிந்துவைப்பது அம்மாவின் பழக்கம். முடிந்த சேலை எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும்.

அலுமாரி அம்மம்மாவுடையது. அம்மம்மாவுக்கு அவருடைய தாய் வீட்டோடு சேர்த்துக் கொடுத்தது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் பெரிய சாமான்கள் எல்லாம் இருந்த இடத்திலிருந்து அசையாமலே தாயிடமிருந்து மகளுக்குப் போகும். புளியந்தீவில் எங்கள் வீட்டு நடு அறையில், அதே சுவரோரம் நின்றபடி இந்த அலுமாரி நான்கு பெண்களைக் கண்டிருக்கிறது. நான் நாலாவது ஆள்.

அதைத் திறக்க அவசரம் வந்தது வீட்டு உறுதியால், அதாவது காணிப் பத்திரத்தால். பின்மதில் கட்ட அனுமதி கேட்டுப் போனபோது உறுதியின் பிரதி வேண்டும் என்றார்கள். உறுதி உள் லாச்சிக்குள் (இழுப்பறைக்குள்) இருக்கிறது என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சரி, திறப்பு ஒன்று செய்விப்போம் என்று இறங்கினேன். அந்த ஒரு வேலை என்னை மூன்று கிழமை நகரத்துக்குள் நடக்க வைத்தது. பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் இந்த மூன்று கிழமையில் பார்த்ததை நான் முன்பு பார்த்ததில்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் நாங்கள் எல்லோரும் ஒரே பாதையில்தான் கூட்டிப்போவோம். கோட்டை, காந்தி பூங்கா, கல்லடிப் பாலம், முகத்துவாரத்து வெளிச்சவீடு, முடிந்தால் மாமாங்கம் கோயில். கோட்டையைப் பற்றி எங்களுக்குச் சொல்லவும் வரும். 1628இல் போர்த்துக்கீசர் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனோடு சேர்ந்து பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கையில் விழுந்த முதல் கோட்டை இதுதான். 1795இல் ஆங்கிலேயர். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நீண்ட காலம் அதற்குள்தான் இயங்கியது. இவ்வளவையும் சொல்லி, பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவோம். அந்த மூன்று ஆட்சிக் காலத்திலும் இங்கே தொழில் செய்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தொழிலைச் செய்துகொண்டு இருக்கிறார்கள் என்பது எங்கள் நினைவுக்கே வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை.

முதலில் நான் போனது ஒரு தளபாடக் கடைக்கு. அங்கே இருந்த பையன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "பூட்ட உடைச்சிட்டு புதுசு போட்டுத்தாறம் அக்கா. இல்லாட்டி அலுமாரியத் தாங்க, புதுசு ஒண்டு எடுத்தா கழிச்சு விடுறம்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இதேமாதிரி ஒரு கடையில் வாங்கிய உடுப்பு அலுமாரி ஒன்று எங்களிடம் இருந்தது. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை, மேலே மினுக்கமான தாள். 2011 ஜனவரி வெள்ளத்தில் வீட்டுக்குள் கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது, இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் அந்த அலுமாரியின் அடிப்பலகை தேத்தண்ணியில் ஊறிய பாண் மாதிரி ஊதிக் கிடந்தது. தூக்கப் போனால் கையோடு பிய்ந்து வந்தது. பக்கத்தில் நின்ற அம்மம்மாவின் அலுமாரிக்கு நான்கு கால்களிலும் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறை பிடித்தது, அவ்வளவுதான். கறை இன்றும் இருக்கிறது.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது கூரை ஓடுகள் பறக்கப் பறக்க, அம்மம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய் இந்த அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில்தான் ஒதுக்கிவைத்தாராம். இதை உடைக்க நான் எப்படி விடுவேன்?

பூட்டுக்கு வழி காட்டியது சைக்கிள் கடைக்காரர். கோட்டைமுனையில் பெரிய குடை ஒன்றின் கீழே, ஒரு மரப்பெட்டியும் சின்னக் கவ்வியும் வைத்துக்கொண்டு திறப்பு வெட்டுகிற நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் இருக்கிறார், காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், அவரிடம் கேளுங்கள் என்றார். போய்க் கேட்டேன். படத்தை ஒரு தடவைதான் பார்த்தார். "இது மிசின்ல வெட்டுற திறப்பு இல்ல புள்ள. நான் ஊட்ட வாறன்" என்றார். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் வந்தார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் குந்தியிருந்து முழுவதும் பார்த்தேன். பூட்டுத் துவாரத்துக்குள் ஒரு கம்பியை விட்டுத் தடவி, ஆழத்தை அளந்துகொண்டார். பித்தளைத் துண்டு ஒன்றை அதற்கேற்ப வெட்டி, பல் எதுவும் இல்லாத வெறும் திறப்பாக்கினார். பிறகு குப்பி விளக்கு கேட்டார். சாமியறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெறும் திறப்பைச் சுடருக்கு மேலே பிடித்துக் கரி ஏற்றினார். கரி படிந்த திறப்பைப் பூட்டுக்குள் விட்டு மெதுவாக, பிள்ளையின் கையைப் பிடிப்பது மாதிரி திருப்பி, நேராக வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் காட்டினார். கறுப்புக்கு நடுவில் மூன்று இடத்தில் மயிரிழை போலப் பளிச்சென்று கீறல். பூட்டுக்குள் இருக்கும் தகடுகள் முட்டிய இடம் அது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவினார். மறுபடியும் கரி, மறுபடியும் பூட்டு, மறுபடியும் அரம். "பூட்டே சொல்லும், எங்க ராவணும் எண்டு. நாம அவசரப்படக்கூடா" என்றார்.

பதினொரு தடவை எண்ணினேன். பன்னிரண்டாவது தடவை உள்ளே ஏதோ புரண்டு கொடுக்கும் சத்தம் கேட்டது.

கதவு திறந்ததும் வந்த வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அம்மா இருந்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். கூலி கேட்டது, ஒரு புதுப் பூட்டின் விலையை விடக் குறைவு. கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. பிளேன்ரீ மட்டும் குடித்தார்.

உள் லாச்சி வெள்ளத்துக்குப் பிறகு இறுகிப்போயிருந்தது. இழுத்தேன், வரவில்லை. பலத்து இழுத்ததில் முன்பலகை தனியாகக் கழன்று கைக்கு வந்துவிட்டது. உறுதி கிடைத்தது. லாச்சி உடைந்தது.

உறுதியைக் கொண்டு நொத்தாரிசு கந்தோருக்கு, அதாவது உறுதி எழுதுகிற சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு, போனேன். இந்த இரண்டு சொல்லையும் நாங்கள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லுகிறோம்! இரண்டுமே ஒல்லாந்தர் விட்டுப்போனவை. லாச்சியும் அவர்களுடையதுதான். அலுமாரி, கதிரை, மேசை, வாங்கு, சன்னல், குசினி, விறாந்தை எல்லாம் அவர்களுக்கு முன்பு வந்த போர்த்துக்கீசருடையவை. எங்கள் அப்பப்பா காலத்து ஆட்கள் வழக்கறிஞரைப் பிறக்கிராசி என்பார்கள், அதுவும் வெளியிலிருந்து வந்த சொல்தான். அப்படியென்றால் என் வீட்டு நடு அறையில் நின்றது போர்த்துக்கீச அலுமாரி, அதற்குள் ஒல்லாந்த லாச்சி, லாச்சிக்குள் ஆங்கிலேயர் போட்ட சட்டத்தின்படி எழுதிய உறுதி. காணி விற்பனையோ நன்கொடையோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பம் வைத்தால்தான் செல்லும் என்ற விதி 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. இன்றும் நாங்கள் காணி எழுதுவது அதன்படிதான்.

அந்தக் கந்தோர் இரண்டு அறைதான். சுவர் முழுக்கக் கட்டுக் கட்டாகக் கடதாசி, நாடா போட்டுக் கட்டியது. வாசல் வாங்கில் ஐந்தாறு பேர். வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தாய் பேரப்பிள்ளையோடு இருந்தார். மண்முனைத்துறையில் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன்பு கந்தோர் வேலைக்கு வருவதென்றால் வெள்ளாப்பில் எழும்பிப் பாதைக்கு வந்து காத்துக்கிடக்க வேண்டும் என்று அவர் சொன்னார். (பாதை என்றால் எங்களுக்கு வாவியைக் கடக்கும் மிதவை. வெளியூர்க்காரர் இதைக் கேட்டுக் குழம்புவார்கள்.) பாதை தவறினால் அன்றைய நாள் போச்சு.

கிளாக்கர் ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். உறுதியை மேசையில் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, எல்லைகளைச் சத்தமாக வாசித்தார். வடக்கே ஒருவருடைய வளவு, தெற்கே ஒருவருடைய வளவு, மேற்கே ஒழுங்கையும் இன்னொருவருடைய வேலியும், கிழக்கே வாவி. பெயர்களை எனக்குத் தெரியுமா என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. "ஆக்கள் போயிட்டாங்க மகள். வாவி இரிக்கிதானே, அத வச்சு மத்ததக் கண்டுபிடிக்கலாம்" என்றார். காணிப் பதிவகத்தில் எந்தப் பக்கத்தைத் தேட வேண்டும், எந்தப் படிவம், எந்த நேரம் போனால் கூட்டம் குறைவு என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். அழகான கையெழுத்து. அந்தத் துண்டில் இருந்தபடி போனேன், இரண்டாம் நாளே வேலை முடிந்தது.

அப்புறம் லாச்சி.

மரவேலைக்கு யாரிடம் போவது என்று கேட்டால் நகரத்தில் வயதானவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "டச்பாருக்குப் போ. பறங்கியர் ஓடாவி ஆராவது இருப்பாங்க." மட்டக்களப்பில் பறங்கியர் என்றால் பெரும்பாலும் போர்த்துக்கீச வழி வந்தவர்கள். கத்தோலிக்கர். வீட்டுக்குள் இன்னும் சிலர் போர்த்துக்கீசக் கிரியோல் பேசுவார்கள், வெளியே எங்களைப் போலவே மட்டக்களப்புத் தமிழ். கோட்டையில் கொடி மாறிக்கொண்டே இருந்தபோதும் இவர்கள் ஊரைவிட்டுப் போகாமல் ஓடாவி வேலை, கம்மாலை வேலை, சப்பாத்துத் தைப்பது, தையல் என்று இருந்துவிட்டார்கள். பிறகு மோட்டார் வந்தபோது அதையும் பழகினார்கள். எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் நல்ல கதிரை, நல்ல கட்டில் என்றால் அது இவர்கள் கை வேலையாக இருக்கும்.

உடைந்த லாச்சியைத் துவாயில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்லடிக்குப் போனேன். 1924இல் கட்டிய பழைய பாலம் பக்கத்தில் நிற்க, 2013இல் திறந்த புதுப் பாலத்தில் ஓட்டோ போனது. பழைய பாலத்தில் சைக்கிள்களும் நடப்பவர்களும். டச்பார் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய நிலம். 2004 டிசம்பர் 26 அந்த நிலத்துக்கு என்ன செய்தது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நான் தேடிப்போன ஓடாவி அங்கிள் முற்றத்து வேப்பமரத்தின் கீழே வேலை செய்துகொண்டிருந்தார். லாச்சியை வாங்கி, பேசாமல் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் சின்னச் சீவுளியால் ஒரேயொரு இழுப்பு. கறுத்துப்போன மரத்துக்குள்ளிருந்து மஞ்சள் பொன் நிறத்தில் ஒரு சுருள் வந்தது. என் கையில் வைத்தார். "முதிரை. இப்ப இந்தச் சாதி மரம் இந்த அகலத்துக்குக் கிடைக்கா" என்றார். வெயிலில் பிடித்தால் பட்டு மாதிரி மினுங்கியது. அத்தனை வருடம் ஒவ்வொரு நாளும் பார்த்த சாமான் இந்த நிறம் என்று எனக்குத் தெரியாது.

ஆணி அடித்துத் தரச் சொல்லித்தான் நான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் மூலையைக் காட்டினார். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் ஆணியே இல்லை. ஒரு பலகையின் ஓரத்தில் புறாவின் வால் போல முனை விரிந்த பற்கள், மற்றப் பலகையில் அதற்கேற்ற பள்ளங்கள். விரல் கோத்தமாதிரி ஒன்றுக்குள் ஒன்று. இழுக்க இழுக்க இறுகும். "வாவிக் காத்துல உப்பு இரிக்கி. ஆணி அடிச்சா ரெண்டு மாரி தாங்கும், துரு ஊறி மரத்தப் பிளந்திரும். அத அவங்க அண்டைக்கே தெரிஞ்சுதான் செஞ்சிரிக்காங்க." இரண்டு பல் மட்டும் ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, பழைய முதிரைத் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதிலே புதிதாகப் பல் வெட்டினார். உளியைக் கொட்டாப்புளியால் தட்டவில்லை, உள்ளங்கையால் தள்ளினார். வச்சிரப் பசையைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து இளக்கி, ஒரு ஈர்க்குக் கட்டால் பூசினார். பசை இறுகும்வரை கயிற்றால் கட்டிவைத்தார்.

நான்கு நாள் கழித்துப் போனேன். ஓடும் விளிம்பில் தேவாலயத்து மெழுகுதிரித் துண்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார். தகப்பனுடைய ஆயுதங்கள் எல்லாம் கடல் கொண்டுபோனதாம். ஒரு உளி மட்டும் மாதக் கணக்குக்குப் பிறகு மணலுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது. பிடி போய்விட்டது, இரும்பு இருந்தது. அதற்குப் புதுப் பிடி போட்டு வைத்திருக்கிறார். என் லாச்சிக்குப் பல் வெட்டியது அந்த உளியால்தான். வீட்டுக்குள்ளிருந்து மனைவி ஏதோ கேட்டார், அவர் தங்கள் பாசையில் பதில் சொன்னார். அதற்குள் "மேசை" என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

ஒரு மகன் மோட்டார் கராஜில், மற்றவன் வெளிநாட்டில். பழக வருகிற பிள்ளை யாரும் இல்லை. முன்பு தாண்டவன்வெளிப் பக்கமிருந்து ஒரு பையன் ஆறு மாதம் வந்தானாம், பிறகு அலுமினியம் பொருத்துகிற வேலைக்குப் போய்விட்டான். அங்கிள் அவனைக் குறை சொல்லவில்லை. "அங்க நாட்கூலி கிடைக்கும். இங்க ஆக்கள் வந்தாத்தானே" என்றார்.

இந்த ஒரு வசனம் எனக்குள் இன்னும் நிற்கிறது. ஆக்கள் ஏன் வரவில்லை? நாங்கள்தான் போகவில்லை. பழைய வீடு, பழைய சாமான் என்றால் எங்களுக்கு ஆசை இருக்கிறது. படம் எடுத்துப் போடுகிறோம். ஒல்லாந்தர் காலத்துக் கதிரை என்று கொழும்பிலிருந்து வந்து கேட்பவர்களுக்கு நல்ல விலைக்கு விற்கவும் செய்கிறோம். திருத்தத்தான் கொண்டுபோவதில்லை. நானாவின் குடைக்குக் கீழே ஒரு நாளைக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் திறப்பு, அதுவும் மிசின் வைத்த கடைக்கு நேரமில்லாவிட்டால். கரி பிடித்துத் திறப்பு ராவத் தெரிந்தவர் தனக்குப் பிறகு யார் என்று அவருக்கும் தெரியவில்லை. 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கி அடுத்த வருடமே இறந்துபோன வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்கு நாங்கள் சிலை வைத்திருக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது என்றால், வருடா வருடம் பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததால்தான். வேப்பமரத்தடிக்கும் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது போக வேண்டும். போகிற பிள்ளைக்கு நாட்கூலி கிடைக்கிற அளவுக்கு நாங்கள் வேலை கொடுக்க வேண்டும்.

வேறு ஆட்களும் இருக்கிறார்கள். கழுசானுக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைக்கிற தையல்காரர். தாலிக்கொடி அறுந்தால் கண் முன்னால் உருக்கி ஒட்டித் தருகிற பத்தர். சப்பாத்துக்கு அடி மாற்றுகிறவர். காத்தான்குடி, மருதமுனைக் கைத்தறிச் சேலையின் அறுந்த இழையைத் தெரியாமல் கோத்துத் தருகிற ஒரு அக்கா. இவர்களிடமெல்லாம் இந்த மூன்று கிழமையில் போனேன். ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும்.

உறுதிப் பிரதி கொடுத்தாயிற்று, மதிலுக்கும் அனுமதி வந்துவிட்டது. லாச்சி இப்போது ஒரு விரலால் தள்ளினால் போய் மூடுகிறது. அதன் அடியில் பழைய ஓடாவி பென்சிலால் போட்ட இரண்டு கோடு இருக்கிறது, எந்த லாச்சி எந்தப் பக்கம் என்று அடையாளம் பார்க்க. அங்கிள் அதைச் சீவாமல் விட்டுவைத்தார்.

அங்கிளிடம் போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு கடல்காத்தில் பசை சரியாக இறுகாது என்கிறார். ஞாயிறு பூசை, வேலை இல்லை. சாமானை முன்கூட்டியே கழுவிக்கொண்டு போக வேண்டாம், எண்ணெய் பூசவும் வேண்டாம், இருந்தபடி கொண்டுபோங்கள். உடைந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எறியாமல் சேர்த்து வையுங்கள். அடுத்த கிழமை நான் விறாந்தைக் கதிரை மூன்றைக் கொண்டுபோகிறேன். ஒன்றின் பிரம்பு முழுக்கப் போய்விட்டது. பிரம்பு பின்னுகிற ஒருவரை மாமாங்கப் பக்கம் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.